சர்க்கரை நோயும் ஆண்மை ஊசியும்
(கனகசெட்டிக்குளத்தில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மைக் வைத்துப் பேசுகிற விஷயமா இது என்று இங்கே சிலருக்குத் தோன்றலாம். விந்து, விதைப்பை என்ற சொற்கள் வரும்போது பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கும், கேட்கட்டும். நாம் கூசுகிற இந்த விஷயத்தைப் பத்திரிகை விளம்பரங்கள் கூசாமல் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘ஆண்மை’ வைத்தியர் இன்ன தேதியில் இன்ன ஊர், இன்ன லாட்ஜ், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்க, லாட்ஜ் படியேறுகிறார் ஒருவர் என்றால் அவரை அங்கே தள்ளுவது வெட்கம்தான். இப்போது லாட்ஜோடு ஜிம்மும் சேர்ந்துகொண்டது. ‘டெஸ்டோ ஊசி போட்டால் தெம்பு வரும், சுகரும் இறங்கும், குழந்தையும் பிறக்கும்’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இந்த மூன்றில் முதல் இரண்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. மூன்றாவது பொய், நேர் எதிரானது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஊர்க் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டன. வயதுவந்தோரில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோவாவில் நூற்றுக்கு 26.4 பேர், நம் புதுச்சேரியில் 26.3 பேர். இந்தியாவிலேயே இரண்டாம் இடம். தமிழ்நாட்டில் அது 14.4. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடுகிறது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்பீர்கள். புதுச்சேரி பெரும்பாலும் நகரம், தமிழ்நாட்டில் கிராமங்கள் அதிகம், ஆகவே ஒப்பீட்டை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நான்கு பேரில் ஒருவர் என்பது சாதாரணக் கணக்கு அல்ல. அந்த நான்காவது ஆள் எப்போதும் பெரியவர்தான் என்றும் நினைக்க வேண்டாம். முப்பது வயதில், கல்யாணமாகி இரண்டு வருடத்தில், சுகர் மாத்திரை போடும் தம்பிகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் புண் ஆறாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைப்பேற்றையும் கெடுக்கும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. குழந்தை இல்லை என்றால் மருமகளை ஸ்கேனுக்கு அழைத்துப் போவார்கள். மகனின் சுகர் ரிப்போர்ட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

2007-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் 27 ஆண்கள், நோயில்லாத 29 ஆண்கள். இரு தரப்பினரின் விந்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். விந்தின் அளவு சற்றுக் குறைவு என்பதைத் தவிர வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எண்ணிக்கை சரி, நீந்தும் வேகம் சரி, வடிவம் சரி. ஆய்வகச் சீட்டில் ‘நார்மல்’ என்று அடித்துக் கொடுத்திருப்பார்கள். பிறகு விந்தணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களுக்கு அது 32 சதவீதம் துண்டுபட்டிருந்தது. நோயாளிகளுக்கு 53 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஊரையே அளந்துவிட முடியாது. ஆனால் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிற விந்துக்குள் சேதம் ஒளிந்திருக்கலாம் என்பதை அது காட்டிவிட்டது.

எப்படி நடக்கிறது இது? கடலில் போகிறவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். போட் எஞ்சினுக்கு டீசல் அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும்? வேகம் கூடாது, கரும்புகைதான் கூடும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் உறுப்பு சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறி, அது அளவில்லாமல் உள்ளே போகும்போது, முழுதாக எரியாமல் சூப்பர்ஆக்சைடு என்ற முரட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது. அது கொழுப்பைத் தாக்கும், புரதத்தைத் தாக்கும், டி.என்.ஏ.வை அறுக்கும். உடம்பில் இதை அடக்க ஆட்கள் உண்டு. குளுட்டத்தயோன் என்ற பொருள் உண்டு, சில நொதிகள் உண்டு. தாக்கும் கை ஓங்கி அடக்கும் கை தாழ்ந்துவிட்ட நிலையைத்தான் மருத்துவர்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். சர்க்கரை நோயின் பலவிதச் சேதங்களுக்கும் வேர் இந்த ஒன்றுதான் என்று அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பிரௌன்லீ 2001-இல் வாதிட்டார். கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது ஏன் ஒரே நோயில் என்ற கேள்விக்கு அதுவரை அவ்வளவு தெளிவான பதில் இருந்ததில்லை.

இந்தத் தாக்குதலில் விந்தணு ஏன் முதலில் விழுகிறது? நீந்துவதற்கு வசதியாக அது தன் உடம்பின் சதையை எல்லாம் உதறிவிட்டு, தலையும் வாலுமாக நிற்கிறது. சதையோடு பாதுகாப்பு நொதிகளும் போய்விட்டன. அதன் தோலில் எளிதில் கெடும் வகைக் கொழுப்பு அதிகம். டி.என்.ஏ. அறுந்தால் தைத்துக்கொள்ள அதனிடம் கருவி இல்லை. கருமுட்டைக்கு அந்தக் கருவி கொஞ்சம் உண்டு. கணவனின் அணுவில் உள்ள கிழிசலை மனைவியின் முட்டை ஓரளவு தைக்கிறது. இதைக் கேட்ட பிறகாவது மருமகளைக் குறை சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தலாம். ஆக்சிஜன் விந்தணுவைக் கெடுக்கும் என்று ஜான் மெக்லியாட் என்பவர் 1943-லேயே எழுதிவிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு வேடிக்கை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. விந்தணு நீந்தப் பயன்படுத்தும் எரிபொருள் ஃபிரக்டோஸ், அதாவது பழச் சர்க்கரை. அதைக் குளுக்கோஸிலிருந்து உடம்பு எப்படித் தயாரிக்கிறது என்று 1956-இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ் என்பவர் ஆட்டின் விந்துப்பையில் கண்டுபிடித்தார். குளுக்கோஸ் முதலில் சார்பிட்டாலாக மாறும், பிறகு ஃபிரக்டோஸாக. புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதல் செய்தி, கட்டுரையை அவர் எழுதியது பிரெஞ்சில். பிள்ளை பிறப்பதற்காக ஏற்பட்ட அதே பாதைதான் சர்க்கரை நோயில் வில்லனாகிறது. குளுக்கோஸ் அதிகமாகும்போது மற்ற இடங்களிலும் இந்தப் பாதை திறந்துகொள்கிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் குளுட்டத்தயோனைப் புதுப்பிக்கத் தேவையான பொருளைச் செலவழிக்கிறது. அடக்கும் கை தாழ்வது இப்படித்தான். சர்க்கரை நோயாளியின் கண்ணில் புரை விழுவதற்கும் இந்தப் பாதை ஒரு காரணம்.

அடுத்து ஹார்மோன். விதைக்குள் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, அந்த ‘டெஸ்டோ’வைத்தான், சுரக்கின்றன. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் அவை வேலை செய்யும். 2004-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் திண்ட்சாவும் தண்டோனாவும் டைப் 2 சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு. இவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு விதையில் இல்லை. மேலிருந்து வரவேண்டிய ஆணையே வரவில்லை. விதை ஓய்ந்திருந்தால் எல்.எச். ஏறியிருக்கும், அது ஏறவில்லை. தொப்பைக் கொழுப்பும் இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காததும் மேலிடத்தை மந்தமாக்குகின்றன. மறுபுறம், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் சர்க்கரை ஏறும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உட்சுரப்பியல் துறையில் பாலசுப்பிரமணியன் குழுவினர் 2007-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். டெஸ்டோஸ்டிரோனை இல்லாமல் ஆக்கினால் திசுக்களில் இன்சுலின் ஏற்பி குறைகிறது, சர்க்கரையை எரிக்கும் திறனும் குறைகிறது. ஆக, ஒன்று மற்றதைக் கீழே இழுக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சாராயம் லேடிக் செல்லை நேரடியாகவே கெடுக்கும். அதைப் பற்றி வேறொரு கூட்டத்தில் பேசலாம். இன்று பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.

சரி, ஹார்மோனைக் கொடுத்து இதைச் சரிசெய்யலாமா?

சர்க்கரை நோயில் முதல் ஹார்மோன் மருத்துவம் இன்சுலின்தான். அதை மறந்துவிட்டு மற்றவற்றைப் பேசுகிறோம். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போடுவதற்கு முன்பு, சிறுவயதில் இந்த நோய் வந்தவர்களுக்குப் பிள்ளை பிறக்குமா என்ற கேள்வியே எழுந்ததில்லை. கல்யாண வயது வரை அவர்கள் இருந்ததில்லை.

இன்சுலினுக்கு அப்பால் எலிகளின் உலகம். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தை ஏற்றுவார்கள். அது இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும். சில வாரங்களில் விதை சுருங்கும், அணு குறையும், டி.என்.ஏ. அறுபடும். பிறகு மெலடோனின் கொடுத்துப் பார்ப்பார்கள். அது இரவில் நம் மூளையில் சுரக்கும் ஹார்மோன், ஆக்சிஜனின் முரட்டுத்தனத்தையும் அடக்கக்கூடியது. எலிகள் தேறும். வைட்டமின் ஈ கொடுத்தாலும் தேறும், வெந்தயம் கொடுத்தாலும், கருஞ்சீரகம் கொடுத்தாலும் தேறும். ஒரு கட்டத்தில் நமக்கே சந்தேகம் வர வேண்டும்: எதைக் கொடுத்தாலும் தேறுகிறதே, இந்த எலி யாருடைய நோயைத் தாங்கி நிற்கிறது? அதன் நோய், இன்சுலின் அறவே இல்லாத நோய். சில வாரங்களில் வந்தது. நம் ஊர்க்காரரின் நோயோ தொப்பையோடும் தூக்கமின்மையோடும் பத்து வருடத்தில் வந்தது. பலருக்கு ஆரம்பத்தில் இன்சுலின் அதிகமாகவே இருக்கும். இந்த எலிகளின் மூலம் சேதம் நடக்கும் வழியை நாம் தெரிந்துகொண்டோம். அதற்கு நன்றி சொல்லலாம். மாத்திரைக் கடைக்கு வழிகாட்டும் வேலையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

மனிதர்களிடம் செய்து பார்த்த கதை ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாதது. பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் மருத்துவமனையில் பிரிசில்லா வைட் என்ற மருத்துவர் இருந்தார். சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். அந்தக் காலத்தில் அவர்களுடைய குழந்தைகள் வயிற்றிலேயே இறப்பது சகஜம். அந்தப் பெண்களுக்கு ஹார்மோன் சமநிலை குலைந்திருக்கிறது என்று அவர் நம்பினார். ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தன. ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அதே கையால் அவர் இன்சுலினை நுணுக்கமாகச் சரிசெய்தார், வாராவாரம் பார்த்தார், உரிய நேரத்தில் பிரசவம் பார்த்தார். பிழைக்க வைத்தது எது? பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹார்மோன், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துச் சோதித்தது. 1955-இல் முடிவு வந்தது: ஹார்மோனால் பயனில்லை. அந்த அம்மையாரின் கவனிப்புதான் குழந்தைகளைக் காப்பாற்றியிருந்தது. பெயர் ஹார்மோனுக்குப் போயிற்று.

கதை அங்கே முடியவில்லை. 1971-இல் அதே பாஸ்டனில், இளம்பெண்கள் எட்டுப் பேருக்கு அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்ததை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பத்தின்போது ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டவர்கள். சர்க்கரை நோய்க்காக அல்ல, கரு கலையாமல் இருப்பதற்காக. ஆனாலும் மருந்து அதேதான். அம்மா விழுங்கிய மாத்திரைக்கு மகள் விலை கொடுத்தாள். பிள்ளைப்பேறு சம்பந்தமான ஹார்மோன் எதையும் ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 1971-ஆம் வருடம்தான் நினைவுக்கு வரும்.

இப்போது டெஸ்டோஸ்டிரோன். ஆஸ்திரேலியாவில் 50 வயதுக்கு மேற்பட்ட, எடை கூடிய, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 1007 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு வருடம் கழித்துச் சர்க்கரை நோய் அளவில் இருந்தவர்கள் ஊசிக்காரர்களில் 12 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். 2021-இல் வெளியான முடிவு இது. நல்ல பலன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கூடவே ஊசிக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தம் எல்லை மீறித் தடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம்மில் சொல்வதில் ஓரளவு உண்மை என்றேனே, அது இதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைப்பேற்றைப் பற்றி அநேகமாக யோசிக்காத வயதினர். முப்பது வயதுத் தம்பிக்கு அதே ஊசியைப் போட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியதைக் கண்ட மூளை, எல்.எச்., அதன் கூட்டாளி ஹார்மோனான எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். ஊசியால் அந்த அளவை எட்டவே முடியாது. இரத்தத்தில் வெள்ளம், விதைக்குள் வறட்சி. அணு உற்பத்தி படுத்துவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே பல நாடுகளில் சோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலோருக்கு விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் போயிற்று. குழந்தை வேண்டும் என்று லாட்ஜுக்குப் போகிறவருக்குக் கருத்தடை ஊசியைக் காசு வாங்கிக்கொண்டு போட்டு அனுப்புகிறார்கள். விரைவில் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்க உட்சுரப்பியல் சங்கம் 2018 வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

மேலிடத்து ஆணை வராதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும். விதையைத் தூங்க விடாமல் எழுப்பும். கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அதை எடுத்தார்கள். தேவையானால் எஃப்.எஸ்.எச். சேர்ப்பார்கள். இதை ஹார்மோன் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், காலையில் சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில், இரண்டு வெவ்வேறு நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று உறுதியாக வேண்டும். மாலையில் ஒரே ஒரு பரிசோதனை செய்துவிட்டு ‘உங்களுக்குக் குறைவு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேதம் ஆக்சிஜனால், ஆகவே ஆக்சிஜனை அடக்கும் மாத்திரை போதும் என்ற கணக்கு சரியாகத் தோன்றும். 2020-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் வந்தன. வைட்டமின் சி, ஈ, செலினியம் முதலியவை கலந்த மாத்திரை விந்தையும் மேம்படுத்தவில்லை, டி.என்.ஏ.வையும் மேம்படுத்தவில்லை. 2370 தம்பதிகளிடம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்ததில் குழந்தை பிறப்பு 34 சதவீதம். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 35. முட்டையைத் துளைக்குமுன் விந்தணு தயாராவதற்கே கொஞ்சம் சூப்பர்ஆக்சைடு தேவை. எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் அதுவும் நடக்காது. இந்த ஆய்வுகள் சர்க்கரை நோயாளிகளுக்காக மட்டும் நடந்தவை அல்ல என்பது உண்மை. ஆனால் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறவர் முதலில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறாரா என்று பாருங்கள். குழாயை அடைக்காமல் தரையைத் துடைப்பவர்கள்தான் அதிகம்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், முதிர்ந்து வெளியே வர மேலும் பத்துப் பன்னிரண்டு நாள்; ஆக மூன்று மாதம். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் அதே கால அளவு. அதனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய மறுவாரமே விந்துப் பரிசோதனை செய்து மனம் உடைய வேண்டாம். ஹெச்பிஏ1சி இறங்கியதைப் பார்த்த பிறகு செய்யுங்கள். விந்து மிகக் குறைவாக வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால், உறவுக்குப் பின் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நரம்பு கெட்டவர்களுக்கு விந்து முன்னே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும். இதற்கு மருந்து உண்டு. அணுவைச் சிறுநீரிலிருந்து எடுத்தும் கருத்தரிக்க வைக்கலாம். இது தெரியாமல் பத்து வருடம் கோயில் கோயிலாகப் போனவர்கள் உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோயுள்ள பெண் கருத்தரிக்கும் முன்பே ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வர வேண்டும். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் சில வாரங்களில் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளிப்போயிற்று என்று தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அந்த வாரங்களில் ஏறிய சர்க்கரை, நான் சொன்ன அதே ஆக்சிஜன் வழியில், கருவையும் தாக்கும்.

பேச்சுக்கு நடுவே துண்டுச் சீட்டில் ஒருவர் கேள்வி எழுதிக் கொடுத்தார், பெயர் போடாமல். ‘ஊசி போட்டுக்கொண்டேன், ஆறு மாதமாக. இனி ஒன்றும் செய்ய முடியாதா?’ தம்பி, முடியும். கருத்தடைச் சோதனைகளில் ஹார்மோனை நிறுத்தியவர்கள் எப்படி மீண்டார்கள் என்று முப்பது ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு அணு எண்ணிக்கை மீண்டது. ஒரு வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு. இரண்டு வருடத்துக்குள் அநேகமாக எல்லாருக்கும். அவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள், ஆகவே உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகலாம். ஆனால் தானாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நிறுத்திய சில வாரங்கள் சோர்வும் மனச்சோர்வும் வரும், அதைத் தாங்காமல் மறுபடி போடுகிறவர்கள்தான் அதிகம். ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். என்ன ஊசி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு மருந்து என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலிக் குப்பி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், லேபிளைக் கிழித்துவிடாமல்.